கீறல் விழுந்த கார் மீண்டும் பளபளப்பது எப்படி?

உங்கள் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு காரை அருகில் சென்று உற்றுப் பாருங்கள். தூரத்தில் கண்ணாடிபோல் மின்னும் அதன் உடம்பில் சிறு சிறு கீறல்கள், கல் தெறித்த புள்ளிகள், சைக்கிள் கைப்பிடி உரசிய கோடுகள் பல தென்படும். "வண்டி ஓடுகிறது, இது போதாதா? அழகுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். ஆனால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று. ஒரு சிறு கீறலைக் கவனிக்காமல் விட்டால் கதவின் அடித்தகடே சில ஆண்டுகளில் ஓட்டையாகிவிடக் கூடும். அது ஏன் என்பதையும், வண்ணம் தொட்டு வைத்து, 'வாட்டர் பேப்பர்' என்னும் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து அக்கீறலை மறைப்பது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முடியைவிடச் சற்றே தடித்த கவசம்

காரின் மேலுள்ள வண்ணம் ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் படிவு ஒன்று உள்ளது. அதன் மேல், முழு உடம்பையும் வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்திப் படிய வைத்த அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நீங்கள் அறிவீர்கள். அடுத்து வருவது 'பிரைமர்'. இது சுமார் 30 மைக்ரான். அதற்கும் மேலே நிறத்தைக் கொடுக்கும் பூச்சு, 15 முதல் 20 மைக்ரான். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறமற்ற ஒளிபுகும் பூச்சு ஒன்று 40 மைக்ரான் அளவில் இருக்கும். பட்டறைகளில் இதனைக் 'கிளியர் கோட்' என்பார்கள்.

எல்லாம் சேர்த்தாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது, இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான் காரின் கவசம்! கடற்காற்றுக்கும் எஃகுக்கும் நடுவே நிற்பது இது ஒன்றே.

கடற்காற்றின் வேலை

அலைகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, நீர் ஆவியான பின் உப்புத் துகள்களாகக் கரைக்கு வருகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி நசநசத்துப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதே செயல்தான் இது. கடலோரத்தில் கீறலுக்குள் விழுந்த உப்பு, மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கும்.

இந்த உப்பு நீர் ஒரு நல்ல மின்பகுளி. கீறலின் நடுவில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே கீறலின் விளிம்புக்குச் சென்று, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து காரத்தன்மை கொண்ட ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இந்தக் காரம் வண்ணத்துக்கும் தகட்டுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது. வண்ணம் தூக்கிக்கொண்டதும் அதன் அடியில் மேலும் உப்பு நீர் நுழைகிறது. உண்டாகும் துருவோ, அழிந்த இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அது வண்ணத்தைக் கொப்புளம்போல் உப்ப வைக்கிறது. வெளியே கடுகளவு தெரியும் துரு, உள்ளே காசு அளவு பரவியிருப்பது இதனால்தான். இக்காலக் கார்கள் பலவற்றில் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு இருப்பதால் துரு சற்றுத் தாமதமாக வரும். ஆனால் வராமல் போகாது.

வாட்டர் பேப்பர் பிறந்த கதை

இப்போது நம் முக்கியக் கருவிக்கு வருவோம். கறுப்பாக இருக்கும் இந்தத் தாளில் ஒட்டியிருப்பவை சிலிக்கன் கார்பைடு துகள்கள். 1891ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் கடுமையாகச் சூடாக்கியபோது மின்னும் படிகங்களைக் கண்டார். அவற்றுக்குக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டு, அதே பெயரில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். வைரத்தின் கடினம் மோஸ் அளவுகோலில் 10 என்றால், சிலிக்கன் கார்பைடு 9க்கும் 10க்கும் இடையில் நிற்கிறது.

அக்காலத்து உப்புத்தாள்களில் துகள்களை ஒட்ட விலங்குப் பசையைத்தான் பயன்படுத்தினார்கள். தண்ணீர் பட்டால் பசை கரைந்து துகள்கள் உதிர்ந்துவிடும். ஆகவே தொழிலாளர்கள் உலர்ந்த நிலையில்தான் தேய்க்க வேண்டியிருந்தது. கார் வண்ணங்களில் அப்போது ஈயச் சேர்மங்கள் தாராளமாகக் கலந்திருந்தன. தேய்க்கத் தேய்க்க ஈயத் தூசி பட்டறை முழுவதும் பறந்து மூச்சில் கலந்தது.

பிலடெல்பியாவில் மை தயாரித்து வந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், தண்ணீரில் கரையாத பசையைக் கொண்டு உப்புத்தாள் செய்யும் முறையைக் கண்டார். அந்த உரிமையை 3எம் நிறுவனம் வாங்கி, 1921இல் உலகின் முதல் 'நீரிலும் உலர்விலும்' பயன்படும் தாளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. தண்ணீர் விட்டுத் தேய்த்தபோது தூசி பறக்காமல் சேறாகத் தங்கியது. பரப்பும் முன்பைவிட வழவழப்பாக வந்தது. பளபளப்புக்காக வந்த பொருள் தொழிலாளியின் நுரையீரலையும் காத்தது என்பது இந்தக் கதையில் நாம் மறக்கக் கூடாத செய்தி.

திருவொற்றியூர்த் தொடர்பு

இந்தக் கதைக்கும் வடசென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. அச்சிசன் தொடங்கிய கார்போரண்டம் நிறுவனமும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனமும், நம் முருகப்பா குழுமமும் கூட்டாக 1954இல் 'கார்போரண்டம் யுனிவர்சல்' நிறுவனத்தை அமைத்தன. அதன் சாணைச் சக்கரத் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. திருவொற்றியூரில் 'அஜாக்ஸ்' என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. அங்கே உப்புத்தாள் செய்து வந்த அஜாக்ஸ் நிறுவனத்தின் பெயரே அந்த நிறுத்தத்துக்கு நிலைத்துவிட்டது!

கார்களும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி இணைத்து வெளியிட்டது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் பெயர் பெற்றது. அதே 1955இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. புல்லட்டின் பெட்ரோல் தொட்டி மேல் ஓடும் மெல்லிய பொற்கோடுகளைத் தூரிகையால் கையாலேயே இழுப்பது அங்கு வளர்ந்த ஒரு கலை.

தண்ணீர் என்ன செய்கிறது?

தண்ணீரின் முதல் வேலை, தேய்ந்து வரும் வண்ணத் தூளைக் கழுவிச் செல்வது. தூள் தங்கினால் அது துகள்களின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும்; உருண்டு திரண்டு புதிய கீறல்களையும் போடும். இரண்டாவதாக, உராய்வினால் உண்டாகும் வெப்பத்தைத் தணிக்கிறது. வெப்பம் ஏறினால் வண்ணம் இளகித் தாளில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, தாளுக்கும் பரப்புக்கும் இடையே மசகுபோல் நின்று, துகள்கள் மிக ஆழமாக இறங்காமல் தடுக்கிறது. தண்ணீரில் ஒரு துளி ஷாம்பு விட்டால் பரப்பு இழுவிசை குறைந்து, நீர் முத்து முத்தாக உருளாமல் எங்கும் படரும்.

தாளின் பின்புறம் 400, 1000, 2000 என்று எண்கள் இருக்கும். எண் பெரிதானால் துகள் சிறிது. 400 எண் தாளில் துகளின் சராசரி அளவு 35 மைக்ரான். 1000இல் சுமார் 18. 2000இல் சுமார் 10. 2500இல் சுமார் 8. கிளியர் கோட்டின் கனம் 40 மைக்ரான் என்று முன்பு பார்த்தோம் அல்லவா? 400 எண் தாளின் ஒரு துகளே கிட்டத்தட்ட அந்தக் கனத்துக்குச் சமம்! வீட்டில் செய்யும் வேலைக்கு 2000க்குக் குறைந்த எண்ணைத் தொடக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

வேலையைத் தொடங்குவோம்

இந்த வேலையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்க. வண்ணத்திலும் தின்னரிலும் தீப்பற்றும் கரைப்பான்கள் உண்டு. காற்றோட்டமான நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும்.

1. கழுவுதல்: உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது பெரிய தவறு. அனல் மின் நிலையங்கள் உள்ள எண்ணூர் வட்டாரத்தில் காற்றோடு வரும் நிலக்கரிச் சாம்பல், கண்ணாடி போன்ற நுண்ணிய உருண்டைகளைக் கொண்டது. துறைமுகச் சாலைத் தூசியில் மணலும் இருக்கும். உலர்ந்த துணியின் அடியில் இவை உப்புத்தாளாகவே மாறிவிடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. உவர்ப்பான கிணற்று நீரை இதற்குப் பயன்படுத்தினால், உலர்ந்ததும் உப்பே மிஞ்சும். ஆகவே நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

2. ஆழம் அறிதல்: நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தடுக்காவிட்டால் கீறல் கிளியர் கோட்டின் மேற்பகுதியோடு நின்றுவிட்டது. அதற்கு மெருகுப் பசையே போதும். தடுத்தால் ஆழமானது. உள்ளே சாம்பல் அல்லது வெள்ளை நிறம் தெரிந்தால் பிரைமரை எட்டிவிட்டது என்று பொருள். பழுப்பு நிறம் தெரிந்தாலோ துரு தொடங்கிவிட்டது. துருவை ஒரு தீக்குச்சி முனையில் ஒட்டிய உப்புத்தாளால் முழுவதும் சுரண்டி எடுத்து, பிரைமர் தொட்டு உலரவிட வேண்டும். துருவின் மேல் வண்ணம் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதைப் போன்றது.

3. வண்ணம் தொடுதல்: காரின் நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கிய 'டச்-அப்' வண்ணத்தை மெல்லிய தூரிகையாலோ பல்குச்சி முனையாலோ கீறலுக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது வண்ணம் சுருங்கிக் குழியாகும். மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் அடுத்தது என்று வைத்து, சுற்றுப்புறத்தைவிடச் சற்றே மேடாக வரும்படி முடியுங்கள். மினுமினுக்கும் மெட்டாலிக் நிறமானால், நிறப்பூச்சைச் சற்றுத் தாழவே நிறுத்தி அதன் மேல் கிளியர் கோட் தொட்டு மேடாக்க வேண்டும்.

4. பொறுத்தல்: இதுதான் பலருக்கும் கடினமான கட்டம்! மேலே தொட்டால் ஒட்டாது என்பதற்காக உள்ளேயும் இறுகிவிட்டது என்று எண்ணாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள்.

5. தேய்த்தல்: 2000 எண் தாளைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள், தாள் மென்மையாகி மூலைகள் குத்தாமல் இருக்கும். நீங்கள் பள்ளியில் பயன்படுத்தும் அழிரப்பரில் தட்டையான ஒன்றை எடுத்து, அதைச் சுற்றித் தாளைப் பிடியுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல்களின் மேடு பள்ளம் வண்ணத்திலும் விழும். மேடாக உள்ள இடத்தில் மட்டும், நேர்கோட்டில், தாளின் எடையோடு சற்றே கூடிய அழுத்தத்தில் தேய்த்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள்.

ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை நிறுத்தி, துடைத்து, உலர்த்திப் பாருங்கள். தாள் பட்ட இடம் மங்கலாகவும், படாத பள்ளம் மின்னிக்கொண்டும் இருக்கும். மேட்டின் விளிம்பு மறைந்து எல்லாம் ஒரே மங்கலாக ஆனதும் நிறுத்திவிட வேண்டும். கழிவு நீரையும் கவனியுங்கள். கிளியர் கோட் தேயும்போது நீர் பால்போல் வெளுப்பாக இருக்கும். காரின் நிறம் நீரில் வரத் தொடங்கினால் கிளியர் கோட்டைக் கடந்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே கையை எடுங்கள். ஒற்றைப் பூச்சாக நிறமடித்த பழைய வண்டிகளில் மட்டும் தொடக்கத்திலிருந்தே நிறம் வருவது இயல்பு.

அடுத்து, நன்கு கழுவிவிட்டு 2500 எண் தாளால் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். பழைய கோடுகள் மறைந்துவிட்டனவா என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

விளிம்பில் கை வைக்காதீர்!

கதவின் மடிப்புக் கோடுகளில் வண்ணம் மிக விரைவில் தேய்ந்துவிடுவதைக் காணலாம். ஏன்? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது என்று படித்திருக்கிறீர்கள். அழிரப்பரின் பரப்பு 2 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் என்றால் 2 சதுர செ.மீ. அதையே மடிப்பின் மேல் வைத்தால், 2 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. அகலக் கோடு மட்டுமே தாளைத் தொடும், அதாவது 0.2 சதுர செ.மீ. கை கொடுக்கும் விசை அதேதான். ஆனால் அழுத்தம் பத்து மடங்கு! ஆகவே மடிப்புகளின் மேல் மறைப்பு நாடாவை ஒட்டிவிட்டு, அவற்றைத் தொடாமல் வேலை செய்யுங்கள்.

மங்கல் மறைந்து மினுக்கம் வருவது எப்படி?

சமதளமான பரப்பில் ஒளிக்கதிர்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் எதிரொளிக்கும். அதனால் அதில் நம் முகம் தெரியும். கரடுமுரடான பரப்பிலோ அவை திசைக்கொன்றாகச் சிதறும்; மங்கலாகத் தெரியும். எவ்வளவு கரடு இருந்தால் சிதறும்? ஒளியின் அலைநீளம்தான் இதற்கு அளவுகோல். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். பரப்பின் மேடு பள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவையானால், ஒளி அவற்றைப் 'பொருட்படுத்தாது'. பரப்பு கண்ணாடிபோல் நடந்துகொள்ளும்.

2500 எண் தாள் விட்டுச் செல்லும் கோடுகள் இந்த எல்லைக்குள் வருவதில்லை. அதனால்தான் இறுதியில் 'ரப்பிங் காம்பவுண்டு' என்னும் மெருகுப் பசையை ஈரமான பருத்தித் துணியில் எடுத்து, சிறு வட்டங்களாகத் தேய்க்கிறோம். அதிலுள்ள துகள்கள் தாளின் துகள்களைவிட மிக நுண்ணியவை. தேய்க்கத் தேய்க்க உடைந்து மேலும் நுண்மையாகும் வகையும் உண்டு. மங்கல் படலம் மறைந்து, தெருவிளக்கின் உருவம் அதில் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது.

பளபளப்பு கூடியதும் ஆசையில் இன்னும் இன்னும் தேய்க்கத் தோன்றும். அப்போது 40 மைக்ரானை நினைத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட்டில் சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்கள் கலந்துள்ளன. அது மெலிந்துவிட்டால் சென்னை வெயிலில் நிறம் வெளிறி, பூச்சு தோல் உரிவதுபோல் உரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடு மிஞ்சியிருப்பது, முழுவதும் தேய்த்து ஓட்டை போடுவதைவிட எவ்வளவோ மேல்.

உடலும் ஊரும் கெடாமல்

நம் நாட்டில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தின. ஆனால் பழைய வாகனங்களின் மஞ்சள், சிவப்பு நிறங்களில் ஈயக் குரோமேட் இருக்கக் கூடும். ஆகவே பழைய வண்ணத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள். வன்மையூக்கி கலந்து தெளிக்கும் இருபொருள் வண்ணங்களில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. அவை ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியவை. தகுந்த முகமூடியும் தெளிப்பறையும் உள்ள பட்டறைக்கு அந்த வேலையை விட்டுவிட வேண்டும்.

தேய்த்த சேற்று நீரைத் தெருக் கால்வாயில் ஊற்றாதீர்கள். வடசென்னையின் கால்வாய்கள் பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் செல்பவை. அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்போர் பலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய்க் கழிவு அந்தக் கழிமுகத்தில் பரவியபோது அவர்களது படகுகளும் வலைகளும் பாழானதை நாடே கண்டது. நம் ஒரு குவளைச் சேறு அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. எனினும் அதைப் பழைய துணியில் ஒற்றி எடுத்து, உலர்த்திக் குப்பையில் சேர்ப்பது எளிது.

நீங்களே செய்து பாருங்கள்

கார் இல்லாதவர்களும் இந்தச் சோதனைகளைச் செய்யலாம். துத்தநாகப் பூச்சு இல்லாத மூன்று இரும்பு ஆணிகளின் மேல் நகப்பூச்சைப் பூசி நன்கு உலர்த்துங்கள். இரண்டில் மட்டும் ஊசியால் ஆழமாகக் கீறுங்கள். கீறிய ஒன்றை உப்பு நீரில் நனைத்த பஞ்சிலும், மற்றதை நல்ல நீரில் நனைத்த பஞ்சிலும், கீறாத ஆணியை உப்பு நீர்ப் பஞ்சிலும் வையுங்கள். பஞ்சு உலராமல் பார்த்துக்கொண்டு, தினமும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கீறலின் ஓரத்தில் நகப்பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், துரு எவ்வளவு தூரம் உள்ளே ஓடியிருக்கிறது என்பதை அளவுகோலால் அளக்கலாம்.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. தச்சர் பயன்படுத்தும் சாதாரண உப்புத்தாள் ஒன்றையும் கறுப்பு வாட்டர் பேப்பர் ஒன்றையும் இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு, காலையில் இரண்டையும் விரலால் தேய்த்துப் பாருங்கள். எதில் துகள் உதிர்கிறது? 1921இல் ஓக்கியின் தாள் ஏன் பெரிய செய்தியாயிற்று என்பதை அந்தக் கிண்ணத்துத் தண்ணீரே உங்களுக்குச் சொல்லிவிடும்.